தாராவி: காற்றைக் கழித்தால் காசு

மாஹிம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கும்போதே சத்தம் காதுக்கு வந்துவிடுகிறது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுவதுபோல ஒரு கடகடப்பு. சற்றுப் பழகிய காதுக்கு அதில் வித்தியாசம் தெரியும். கெட்டியான பெயின்ட் டிரம் விழுந்தால் இடி இடிக்கும். ஷாம்பு பாட்டில்கள் விழுந்தால் சோளம் பொரிவதுபோலக் கேட்கும். பிளாஸ்டிக்கை நொறுக்கும் இயந்திரங்களின் சத்தம் அது. மும்பையில் இதைக் கிரைண்டர் என்கிறார்கள், கிரஷர் என்றும் சொல்வதுண்டு. தாராவியின் 'தேரா கம்பவுண்ட்', அதாவது 13ஆம் கம்பவுண்ட், இந்த இயந்திரங்களை நம்பித்தான் பிழைக்கிறது.

தாராவி என்றால் தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லை. 1987இல் 'நாயகன்', 2018இல் 'காலா' என்று சினிமா காட்டிய தாராவி ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்களின் தாராவி இன்னொன்று. தொண்ணூறு அடி சாலையில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகளும் இட்லி வாசனையும் வரவேற்கும். ஆனால் 13ஆம் கம்பவுண்ட் அந்தத் தாராவி அல்ல. இங்கே காதில் விழுவது உத்தரப் பிரதேசத்து, பீகாரத்து இந்தி. மேற்கு ரயில்வேக்கும் மத்திய ரயில்வேக்கும் நடுவே, மித்தி நதியின் தென்கரையில், இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பில் பல லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் ஊரின் மூலை இது. நதிக்கு அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில் இக்கரைக்கு வந்து சேர அதிக நாள் ஆகாது.

சந்துகளின் அகலம் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவு. இரண்டு பக்கமும் தகரமும் செங்கல்லும் கலந்த இரண்டடுக்குக் கொட்டகைகள். மேலே போக இரும்பு ஏணி. அண்ணாந்து பார்த்தால் கூரை தெரியாது, சாக்கு மூட்டைதான் தெரியும். உடைந்த நாற்காலி, டெலிவிஷன் உறை, ஃபினாயில் கேன், குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், ஐஸ்கிரீம் டப்பா, கணினித் திரையின் பின்பக்கம் என்று நகரம் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் இங்கே ரகம் பிரிந்து, நிறம் பிரிந்து காத்திருக்கிறது.

இந்த வியாபாரத்தின் ஏணியில் பல படிகள். தெருவில் பொறுக்குபவர், அவரிடம் எடைக்கு வாங்கும் பங்கார் கடைக்காரர், பத்துக் கடைகளிலிருந்து திரட்டும் மொத்த வியாபாரி, ரகம் பிரிக்கும் கொட்டகை, நொறுக்குபவர், கழுவுபவர், உருக்கி மணியாக்குபவர், கடைசியில் அந்த மணியை வாங்கி வாளியும் குழாயும் செய்யும் தொழிற்சாலை. இதில் கிரஷர் இருக்கும் படிதான் முக்கியமான படி. அதற்குக் கீழே இருப்பவர்கள் குப்பையை விற்கிறார்கள். அதற்கு மேலே இருப்பவர்கள் விற்பது மூலப்பொருள். ஒரே பாட்டில், ஒரே சந்து. நடுவில் ஒரு மோட்டாரும் சில கத்திகளும் வந்து பெயரையே மாற்றிவிடுகின்றன.

காரணம் மிக எளிது. பழைய பிளாஸ்டிக்கை எடை போட்டு வாங்குகிறார்கள், ஆனால் லாரியை நிரப்புவது அதன் கனம் அல்ல, உருவம். பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. நொறுக்காத பெட் பாட்டில்களைச் சும்மா கொட்டினால் ஒரு கன மீட்டர் இடத்தில் 20, 30 கிலோதான் கொள்ளும். அதையே விரல் நகமளவு சில்லாக நொறுக்கினால் அதே இடத்தில் 250 கிலோவுக்கு மேல் பிடிக்கும். பத்து மடங்கு! டெம்போ வாடகையும் கிடங்கு வாடகையும் அப்படியே பத்தில் ஒன்றாகிவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு சதுர அடிக்கும் பேரம் பேசும் மும்பையில் காற்றுக்கு வாடகை கட்டாமல் இருப்பதே பெரிய லாபம். தாமன், வாப்பி, சில்வாசா பக்கத்துப் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்காரர்கள் முழு பாட்டிலை வாங்க மாட்டார்கள். சில்லாகவோ மணியாகவோ வந்தால்தான் அவர்களுடைய இயந்திரம் ஏற்கும்.

முதலீடு எவ்வளவு? 10 குதிரைச் சக்தி மோட்டார் பூட்டிய சிறிய கிரஷரை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்கு வாங்கிவிடலாம். அதிலும் தாராவிக்கு ஒரு சௌகரியம்: இயந்திரத்தை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. கம்பவுண்டின் அக்கம்பக்கத்துப் பட்டறைகளே இரும்புத் தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, கிரஷரைச் செய்துவிடுகின்றன. கனமான தகட்டில் ஒரு பெட்டி. உள்ளே சுழலும் உருளையில் மூன்று அல்லது நான்கு கத்திகள், பெட்டியின் சுவரில் அசையாத கத்திகள், அடியில் ஓட்டை போட்ட சல்லடை. சல்லடை ஓட்டையில் நுழையும் அளவுக்குச் சிறுக்கும்வரை பிளாஸ்டிக் உள்ளேயே சுற்றி அடிபட வேண்டியதுதான். பெரிய தத்துவம் எதுவுமில்லை, அம்மியின் அண்ணன்.

சூட்சுமம் கத்தியில் இருக்கிறது. சுழலும் கத்திக்கும் நிற்கும் கத்திக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். கத்தி மழுங்கினால் இயந்திரம் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகி ஒட்டும், சில்லுக்குப் பதில் மாவு விழும். மாவைக் கழுவினால் தண்ணீரோடு போய்விடும். ஆகவே நாள் தவறாமல் சத்தத்தைக் கவனிக்கிறார்கள், சத்தம் மாறினால் கத்தி சாணைக்குப் போகிறது. அதைவிட ஆபத்து இரும்பு. கைகழுவும் சோப்பு பாட்டிலின் பம்புக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். பொம்மைக் காரில் நாலு திருகாணி. பார்க்க ஒன்றுமில்லை, உள்ளே போனால் கத்தியின் வாய் போய்விடும். அதனால் இயந்திரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை மனிதர்கள், பெரும்பாலும் பெண்கள், தரையில் உட்கார்ந்து மூடி கழற்றி, லேபிள் உரித்து, ஸ்பிரிங் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நாள் கூலி இவர்களுக்குத்தான் மிகக் குறைவு. தொழிலின் லாபம் இவர்கள் விரல் நுனியில் இருக்கிறது என்பதைக் கூலியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஏனென்றால் கிரஷர் எதையும் பிரித்துப் பார்க்காது. போட்டதை நொறுக்கும், அவ்வளவே. எதைப் போடுவது என்று தெரிவதுதான் வித்தை. தாராவியில் அதற்கு ஆய்வுக்கூடம் கிடையாது. சந்தேகமான துண்டை வளைத்துப் பார்ப்பார்கள், வளைந்த இடம் வெளுக்கிறதா, முறிகிறதா என்று. சுண்டிப் பார்ப்பார்கள். நாற்காலி, வாளி செய்யும் பி.பி. ஒரு மாதிரி மந்தமாக ஒலிக்கும், பால்பாயின்ட் பேனா உறையின் ஸ்டைரீன் கண்ணாடிபோல் கிணுங்கும். அதிலும் தீராவிட்டால் லைட்டர். மெழுகுவர்த்தி வாசனை வந்தால் பாலிஎத்திலீன் வகை. கரும்புகை கிளம்பினால் ஸ்டைரீன் வகை. மூக்கைக் குத்தும் அமில நெடி வந்தால் பி.வி.சி. இந்த மூக்குக்கு மாற்று எந்த இயந்திரமும் இந்தச் சந்தில் இல்லை.

பி.வி.சி.யை இவர்கள் பாம்பைப்போலப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பெட் உருகுவதற்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே பி.வி.சி. கருகி ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவைக் கக்கும். ஒரு சாக்கு பெட் சில்லில் ஒரு கைப்பிடி பி.வி.சி. கலந்துவிட்டால் மொத்தச் சரக்கும் மஞ்சளடிக்கும், வலுவிழக்கும், வாங்கியவரின் இயந்திரமும் அரிக்கும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாமே என்றால், அங்கேதான் சோதனை. பாலிஎத்திலீனும் பி.பி.யும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பாட்டில் ஒரு ரகம், மூடி ஒரு ரகம் என்பதால் சில்லாக்கிய பிறகும் மூடித் துண்டுகளை மேலே அள்ளிவிடலாம். ஆனால் பெட், பி.வி.சி. இரண்டுமே முங்கும். தொட்டி அவற்றைப் பிரிக்காது. நொறுக்குவதற்கு முன் கண் தவறவிட்டதை நொறுக்கிய பின் கை பிடிக்காது.

வாங்குகிறவருக்கும் இது தெரியும். முழு பாட்டிலாக இருந்தால் ஏமாற்ற முடியாது, சில்லில் எதையும் கலக்கலாம். அதனால் சாக்கின் வாயில் இருப்பதைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. கையை முழங்கைவரை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, உருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. கிரஷர்காரரின் நிஜமான மூலதனம் அவருடைய சரக்குக்கு இருக்கும் பெயர். ஒருமுறை கலப்படம் பிடிபட்டால் இந்தச் சந்துகளில் செய்தி டீ ஆறுவதற்குள் பரவிவிடும்.

கிரஷர் வாங்கினால் கொள்ளை லாபம் என்று ஆசை காட்டும் விற்பனையாளர்கள் நாட்டில் ஏராளம். அவர்கள் மோட்டாரின் சக்தியையும் மணிக்கு இத்தனை கிலோ என்பதையும் சொல்வார்கள், சேதாரத்தைச் சொல்வதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 குதிரைச் சக்தி மோட்டார் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட் மின்சாரம். மணிக்கு 100 கிலோ நொறுக்கினால், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும், கிலோவுக்கு 75 காசு. இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. சேதாரத்துக்கு வாருங்கள். கிலோ 30 ரூபாய்க்கு 100 கிலோ பழைய பாட்டில் வாங்கியதாகக் கொள்வோம். மண், ஈரம், லேபிள், மூடி, மாவு போக 90 கிலோ சில்லு தேறினால் ஒரு கிலோவின் அசல் 33 ரூபாய் 33 காசு. 85 கிலோதான் தேறினால் 35 ரூபாய் 29 காசு. ஐந்து கிலோ வித்தியாசம் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாயைத் தின்றுவிட்டது. மின்சாரச் செலவைப்போல இரண்டரை மடங்கு. விளம்பரத்தில் வராத இந்தக் கணக்கைக் கம்பவுண்டில் சாக்கு தூக்கும் பையன்கூட மனதில் போடுவான். மழைக்காலத்தில் ஈரச் சரக்குக்கு விலை அடித்துப் பேசுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

(சேதாரமே இல்லாமல் கிரஷர் வைத்துச் சம்பாதிப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் பொருள் வார்க்கும் தொழிற்சாலைக்காரர்கள்தான் அவர்கள். அச்சில் மிஞ்சும் குச்சியையும் பழுதான பொருளையும் அங்கேயே நொறுக்கி அதே பீப்பாயில் கொட்டிவிடுவார்கள். சுத்தமான சரக்கு, ஒரே ரகம். அது வேறு உலகம்.)

இன்னொரு கவலை எங்கோ தொலைவில் முடிவாகிறது. புதிய பிளாஸ்டிக் கச்சா எண்ணெயிலிருந்து பிறப்பதால் எண்ணெய் விலை இறங்கினால் புதுச் சரக்கு மலியும், பழையதை யாரும் சீந்த மாட்டார்கள். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட எண்ணெய் அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே விழுந்தது. உச்சத்தில் வாங்கிக் கூரைவரை அடுக்கிய சாக்குக்கு, இறங்கிய பிறகு என்ன மதிப்பு? 2020 ஊரடங்கில் எண்ணெயும் சரிந்தது, தொழிலாளர்களும் ஊருக்குப் போனார்கள். வாங்கிய சரக்கை அடுக்கி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களைவிட, வந்த வேகத்தில் நொறுக்கித் தள்ளுபவர்கள் இந்தத் தொழிலில் நிலைப்பதற்கு இதுதான் காரணம். கிரஷர் வேகமாக ஓட வேண்டியது பணம் முடங்காமல் இருக்கத்தான்.

இத்தனை திறமையையும் மெச்சிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட முடியாது. நொறுக்கும் இடத்தில் தூசி, பெரும்பாலோர் முகத்தில் துணிகூடக் கிடையாது. காதுக்குப் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. உருக்கும் கொட்டகைகளில் புகை. சல்லடை அடைத்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்தாமல் கையை விடுகிற அவசரம் விரல்களை விலையாகக் கேட்கும். கழுவிய தண்ணீர், எண்ணெயும் அமிலமும் பூச்சிமருந்தும் இருந்த கேன்களைக் கழுவிய தண்ணீர், சந்துச் சாக்கடை வழியே மித்தியில் சேர்ந்து மாஹிம் கடலுக்குப் போகிறது. வேலை செய்யும் கொட்டகையின் மேல் அடுக்கிலேயே பலர் தூங்குகிறார்கள். மும்பையின் குப்பையைச் சுத்தம் செய்யும் இடம் என்று பாராட்டும் அதே வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுத்தம் செய்வதும் முழுச் சுத்தம் இல்லை. லாபம் தருவதை மட்டுமே கிரஷர் தின்னும். பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பு சாஷேவையும் வாங்க ஆளில்லை. நூறு கிலோ சேர்ப்பதற்குள் பொறுக்குபவரின் முதுகு ஒடியும், அப்புறமும் விலை இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஊருக்குள் புகுந்தபோது, வடிகால்களை அடைத்தவை என்று பழி சுமத்தப்பட்டவை மெல்லிய பைகள்தான். பாட்டில்களும் வாளிகளும் அந்தப் பட்டியலில் முன்னால் இல்லை. அவற்றுக்குத்தான் தாராவியில் விலை உண்டே.

சட்டமும் இப்போது இந்தச் சந்தை எட்டிப் பார்க்கிறது. 2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் திருத்தம் வந்தது. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் அந்தக் கழிவுக்குப் பொறுப்பேற்று, மறுசுழற்சி செய்ததற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். கெட்டி ரக உறைகளில் 2025-26இல் 30 சதவீதம் பழைய பிளாஸ்டிக் கலக்க வேண்டும் என்றும், 2028-29க்குள் அது 60 ஆக வேண்டும் என்றும் இலக்கு. கிரஷர்காரருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ஆனால் சான்றிதழை விற்கப் பதிவு செய்த மறுசுழற்சியாளராக இருக்க வேண்டும். பதிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முறையான இடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பில் புத்தகம். உள் வாடகைக்கு உள் வாடகையாக இருக்கும் ஒரு தாராவிக் கொட்டகை இதில் எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யும்? வேலை இங்கே நடக்க, சான்றிதழ் வேறு எங்கோ பிறக்கிறது. 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில், பதிவு பெற்ற சில நிறுவனங்கள் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ் வழங்கியது அம்பலமானது. காகிதம் இருந்தவர்களிடம் சில்லு இல்லை, சில்லு இருந்தவர்களிடம் காகிதம் இல்லை. இதற்கு நடுவில் 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி கட்டி வாங்குபவருக்கும், பில் இல்லாமல் வாங்குபவருக்கும் இடையே இருந்த இடைவெளி அன்றிலிருந்து இன்னும் பெரிதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொங்கும் கத்தி, சீரமைப்புத் திட்டம். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2023 ஜூலையில் மாநில அரசு முறைப்படி ஒப்படைத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் குடியிருப்புக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பிற்பாடு வந்தவர்களுக்கும் மேல் அடுக்குக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டியோ வாடகைக்கோ. தகுதியுள்ள தொழில் கூடத்துக்கு 225 சதுர அடி இலவசம். மாசு இல்லாத தொழில்களுக்குத்தான் உள்ளே இடம் என்ற நிபந்தனையும் உண்டு. பிளாஸ்டிக் நொறுக்குவதும் கழுவுவதும் உருக்குவதும் அந்த வரியில் எந்தப் பக்கம் விழும் என்பதில் கம்பவுண்டுக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

வெளியே போனால் என்ன, வசாயிலும் பிவண்டியிலும் இடம் மலிவுதானே என்று கேட்கலாம். கேட்கிறார்கள். இயந்திரத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்ற அரை நாள் போதும், ஆறு போல்ட்தான். ஆனால் இந்தத் தொழிலின் செலவு ஏன் குறைவு என்பதைச் சந்தில் நடந்தால் பார்க்கலாம். பிரிக்கும் கொட்டகைக்கு எதிரே நொறுக்குபவர், அவருக்குப் பின்னால் கழுவும் தொட்டி, கூரையில் காயப்போடும் இடம், நாலு வாசல் தள்ளி உருக்குபவர், முனையில் கத்தி சாணை பிடிப்பவர், அதற்கும் அப்பால் கிரஷர் செய்யும் பட்டறை. சரக்கு தலைச்சுமையாகவே ஊரைக் கடந்துவிடுகிறது. ஒருவர் நீல வாளி மட்டும் எடுப்பார், இன்னொருவர் வெள்ளைக் கேன் மட்டும். ஒருவரின் கழிவு அடுத்தவரின் சரக்கு. இவர்களைப் பத்து ஊருக்குப் பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு வாசலுக்கும் நடுவில் ஒரு டெம்போ வாடகை முளைக்கும். கிரஷர் கழித்த காற்றையெல்லாம் மறுபடி லாரியில் ஏற்றியது போலாகும். மாசும் கூடவே போகும், மித்திக்குப் பதில் வேறொரு ஓடை. பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பும், தூசி உறிஞ்சும் வசதியும் உள்ள ஒரு கூட்டுத் தொழிற்கூடத்தை இங்கேயோ அருகிலோ கட்டி, எல்லாப் படிகளையும் சேர்த்தே குடியேற்றினால் இரண்டு பிரச்னைக்கும் வழி பிறக்கும். அதற்குத் தேவை இடம், அதாவது மும்பையில் மிக விலை உயர்ந்த சரக்கு.

225 சதுர அடி என்பது பதினைந்துக்குப் பதினைந்து. கிரஷரும் மோட்டாரும் அதில் தாராளமாக அடங்கும், முன்னால் நாலு பேர் உட்கார்ந்து பிரிக்கவும் செய்யலாம். சாக்குகளுக்கு இடமில்லை, தொட்டிக்கு இடமில்லை. சில்லைக் காயப்போட இப்போது இருக்கும் கூரை யார் பெயரிலும் பதிவாகவில்லை. கூடுதல் சதுர அடி வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் சேதாரத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தக் கணக்கைச் சாக்கின் முதுகிலேயே கரியால் போட்டுப் பார்க்கிறார்கள்.